தங்கையா, சாவியா? – அக்டோபர் நாட்குறிப்பு

அக்டோபர் 12, 2024, சனி

இல்லினாயில் இலைகள் சிவக்கத் தொடங்கினால் எங்கள் வீட்டில் 'ஹாலோவீன்' திகில் படங்களைப் பற்றிய சண்டையும் தொடங்கிவிடும். கல்லூரியிலிருந்து வார இறுதிகளில் வீட்டுக்கு வரும் மகளும் இவ்வாண்டு ஒரு கட்சி எடுத்துக்கொண்டிருப்பதால், யார் எதைச் சொன்னார்கள் என்று பிறகு மாற்றிப் பேச முடியாதபடி நாள்வாரியாக எழுதி வைப்பது என்று முடிவு செய்தேன். படம் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். 43 ஆண்டுகளாகப் பார்க்காதவர்களிடம் ரகசியம் காக்கும் பொறுப்பு எனக்கில்லை.

சண்டை முதல் படத்தைப் பற்றியதல்ல. ஜான் கார்பென்டர் 1978-இல் இயக்கிய முதல் படத்தில் எங்கள் மூவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. 1981 அக்டோபர் 30 அன்று வெளிவந்த இரண்டாம் பாகம்தான் வழக்கு. அதைக் கார்பென்டரும் டெப்ரா ஹில்லும் எழுதினார்கள். இயக்கியவர் ரிக் ரோசென்தால். முதல் படம் முடிந்த அதே இரவில், அதே நிமிடத்தில் கதை தொடர்கிறது. குத்துப்பட்ட நாயகி லாரி ஸ்ட்ரோடை ஹேடன்ஃபீல்ட் நினைவு மருத்துவமனைக்குக் கொண்டு போகிறார்கள். மனநல மருத்துவமனையிலிருந்து தப்பி வந்த முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மயர்ஸ் அங்கேயும் வருகிறான். பிற்பாதியில், செவிலி மேரியன் காரில் வரும்போது மைக்கேலின் மனநல மருத்துவரான டாக்டர் லூமிஸிடம் ஓர் உண்மையைச் சொல்கிறார்: லாரி, மைக்கேலின் தங்கை, பெற்றோர் இறந்தபின் ஸ்ட்ரோடு குடும்பம் அவளைத் தத்தெடுத்தது, அந்தக் கோப்பு முத்திரையிட்டு மூடப்பட்டது. மைக்கேல் லாரியைத் துரத்துவதற்கு அதுதான் காரணமா என்பதே எங்கள் சண்டை.

இன்று இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். அந்தக் காட்சி வந்ததும் கணவர் எழுந்து காபி போடப் போய்விட்டார். ஒவ்வோர் ஆண்டும் அந்த இடத்தில்தான் அவருக்குக் காபி நினைவு வருகிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

கணவரின் கட்சியை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். முதல் படத்தின் தொடக்கத்தில், வீட்டுத் தரகரான அப்பா, மயர்ஸ் வீட்டின் சாவியை மிதியடிக்குக் கீழே வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகும்படி லாரியிடம் சொல்கிறார். கையில் புத்தகங்களோடும் பக்கத்தில் சிறுவன் டாமியோடும் நடந்து வந்து அவள் படியேறுகிறாள். பேய் வீடு என்று டாமி தடுக்கிறான். அவள் சிரித்துக்கொண்டே குனிந்து சாவியை வைக்கிறாள். கேமரா அப்போது வீட்டுக்குள் இருக்கிறது. கதவுக்கு இப்பாலிருந்து ஓர் இருண்ட தோள் மெல்ல நகர்ந்து திரைக்குள் வருகிறது. அவள் பாடிக்கொண்டே தெருவில் போகிறாள். அவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"அவ்வளவுதான் காரணம். அன்று காலையில் அந்தப் படியில் வேறொரு பெண் ஏறியிருந்தால் அவளைத் தொடர்ந்திருப்பான். அதனால்தான் அந்தப் படம் தூக்கத்தைக் கெடுக்கிறது. தங்கை என்று சொன்ன கணத்தில் அது ஒரு குடும்பத் தகராறாகிவிடுகிறது, எனக்கு அவனைப் போல ஓர் அண்ணன் இல்லை, ஆகவே எனக்குப் பயமும் இல்லை" என்றார்.

இதற்குமேல் அவர் ஒரு சட்ட நுணுக்கத்தையும் வைத்தார். அந்தப் பெண்ணின் பிறப்பை ஊரே மறக்க வேண்டும் என்று கோப்பை மூடச் செய்த வளர்ப்புத் தந்தை, அவளுடைய அண்ணன் அக்காவைக் கொன்ற அதே வீட்டுக்கு, அதுவும் ஹாலோவீன் நாளில், சாவியோடு அவளையே அனுப்புவாரா? முதல் படத்தை எழுதியபோது தங்கை என்ற எண்ணம் எழுதியவர்களின் மனத்திலேயே இல்லை என்பதற்கு இந்தச் சாவி ஒன்றே சாட்சி என்பது அவர் வாதம்.

மகள் விடவில்லை. ரகசியத்தை மறைப்பவர்கள்தான் எதுவும் நடக்காததுபோல் நடந்துகொள்வார்கள். "அந்த வீட்டுப் பக்கம் போகாதே" என்று அப்பா சொல்லியிருந்தால்தான் பெண்ணுக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்றாள். இது வலுவான பதில் அல்ல என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனாலும் நம் உறவுகளுக்குள் ஒளித்து வைக்கப்பட்ட ஓரிரு தத்துக் கதைகளை நினைத்துக்கொண்டு நான் வாய் திறக்கவில்லை.

அக்டோபர் 16, புதன்

இரவுப் பணி முடிந்து வந்து எழுதுகிறேன். நான் செவிலி என்பதால், இரண்டாம் பாகத்தின் மீதான மருத்துவமனைப் புகார்களை விசாரிக்கும் பொறுப்பு ஆண்டுதோறும் என் தலையில் விழுகிறது.

முதல் புகார், ஒரு நகரத்தின் மருத்துவமனை இவ்வளவு காலியாகவும் இருட்டாகவும் இருக்குமா என்பது. குறையை ஒப்புக்கொள்கிறேன். பிறந்த குழந்தைகளை வைத்திருக்கும் அறை காட்டப்படுகிறது, ஆனால் தாய்மார்கள் எங்கே என்று தெரியவில்லை. ஆயினும், அதிகாலை மூன்று மணிக்கு ஒரு நீண்ட வராந்தாவின் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்த்தவர்கள் அந்தப் படத்தைக் குறை சொல்லத் தயங்குவார்கள். எங்கள் தளத்தில் அந்நேரம் பாதி விளக்குகளை அணைத்துவிடுவோம். தரை மெருகில் மீதி விளக்குகள் நீளமாகப் படிந்து கிடக்கும். எங்கோ ஒரு டிரிப்ஸ் பம்பு முடிந்துவிட்டதென்று கத்தும், எந்த அறை என்று கண்டுபிடிப்பதற்குள் நின்றுவிடும். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி அகலத்திரையின் முக்கால் பங்கைக் காலியாக விட்டு, நம் கண்ணை அந்தக் காலியிடத்தில் தேட வைக்கிறார். முதல் படத்தின் ஒளிப்பதிவும் அவருடையதே. முதல் படத்தின் ரத்தம் இரண்டாவதில் ஓடுவது இங்கேதான்.

லாரி தன்னைத் தூங்க வைக்க வேண்டாம் என்று கெஞ்சும் இடம் எனக்கு மற்ற எல்லாக் கொலைகளையும்விட அதிகம் வலித்தது. அதிர்ச்சியில் வருகிற நோயாளிகள் உண்மையிலேயே அப்படித்தான் கையைப் பிடித்துக்கொள்வார்கள். நாமும் நன்மைக்கு என்று சொல்லி ஊசியைப் போட்டுவிடுவோம்.

தலைமைச் செவிலியின் உடலிலிருந்து டிரிப்ஸ் குழாய் வழியாகவே ரத்தம் முழுவதும் தரையில் வடிந்திருக்கும் காட்சியைப் பற்றித் தொழில்முறையில் நிறையச் சொல்லலாம், சொல்லப் போவதில்லை. அந்த ரத்தத்தில் ஆம்புலன்ஸ் ஊழியர் ஜிம்மி வழுக்கி விழும்போது திரையரங்கே சிரித்தது என்று எங்கள் வார்டு எழுத்தர் நேற்றிரவு சொன்னார். 1981-இல் பள்ளி மாணவராகப் பார்த்தவர் அவர். அவருடைய தீர்ப்பு வேறு: "அன்றைக்கு நாங்கள் தங்கை விஷயத்தைப் பற்றி விவாதிக்கவே இல்லை. முகமூடி ஏன் மாறிவிட்டது என்றுதான் விவாதித்தோம்."

முகமூடி மாறவில்லை என்பதுதான் வேடிக்கை. 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகத்தின் அச்சில் செய்த கடை முகமூடிக்கு வெள்ளையடித்து முதல் படத்தில் நிக் காசில் அணிந்தார். அதே முகமூடி மூன்றாண்டுகள் வைத்திருந்ததில் பழுப்பேறிப்போக, தலையமைப்பு வேறான டிக் வார்லாக் அதை அணிந்தார். கதைப்படி ஓர் இரவு, நிஜத்தில் மூன்று ஆண்டுகள். மூன்றாண்டுகளும் அந்த ரப்பரில் தெரிகின்றன. லாரிக்கும் இதே கதைதான்: ஜேமி லீ கர்டிஸ் அதற்குள் தலைமுடியை வெட்டியிருந்ததால் விக் வைத்து நடித்தார்.

அக்டோபர் 19, சனி

இன்று வாதம் ரத்தத்தைப் பற்றியது. முதல் படத்தில் சாவது ஐந்தே பேர். ரத்தம் அநேகமாக இல்லை. இரண்டாவதில் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்கு. ஊசி, சுத்தியல், கொதிக்கும் சிகிச்சைத் தொட்டி என்று விதவிதமான வழிகள். இடையில் 1980-இல் 'ஃபிரைடே த தர்ட்டீந்த்' வந்து வசூலை அள்ளியதே இதற்குக் காரணம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ரோசென்தால் முதல் படத்தைப் போலவே அடக்கி எடுத்ததைக் கார்பென்டர் பார்த்துவிட்டு, காரம் போதவில்லை என்று சில கொலைகளைத் தாமே தனியாக எடுத்துச் சேர்த்தார். அடக்கத்தால் பேர் பெற்றவரே அடக்கத்தை வெட்டி எறிந்தார் என்பதைக் கணவர் ஏதோ சொந்தத் துரோகம்போலச் சொல்கிறார். இசையில் மட்டும் எல்லோரும் சமாதானம்: முதல் படத்தில் பியானோவில் ஒலித்த அதே ஐந்து தட்டுக் கணக்கு, இதில் ஆலன் ஹோவர்த்தின் சின்தசைசரில் கோயில் ஆர்கனைப் போல் முழங்குகிறது. எனக்கு அது முதலாவதைவிடப் பிடிக்கும் என்று சொன்னதற்கு இருவருமே என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பிறகு மகள் ஒரு சான்றைக் கொண்டுவந்தாள். 1981 அக்டோபரில் முதல் படம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது, வெட்டியதால் குறைந்த நேரத்தை நிரப்பக் கார்பென்டர் புதிய காட்சிகளை எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பிலேயே அவையும் எடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்றில், தப்பியோடிய மைக்கேலின் அறைக் கதவில் 'தங்கை' என்ற பொருளுள்ள சொல் கீறப்பட்டிருப்பதை லூமிஸ் பார்க்கிறார். ஆகவே முதல் படத்திலேயே தங்கை இருக்கிறாள் என்றாள் மகள்.

"கடன் வாங்கிய பிறகு பத்திரத்தில் முன்தேதி போடுவதற்குப் பெயர் என்ன?" என்று கேட்டார் கணவர். அவர் வங்கியில் வேலை பார்க்கிறார்.

பியர் குடித்துக்கொண்டே அந்தத் திரைக்கதையை எழுதியதாகவும், என்ன எழுதுவது என்று தெரியாமல் திண்டாடியதாகவும் கார்பென்டரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லி வழக்கை முடித்துவிடலாம் என்று கணவர் நினைத்தார். எழுதியவர் கைவிட்ட பிள்ளையை ரசிகர் எடுத்து வளர்க்கக் கூடாதா என்று மகள் கேட்டாள். தத்தெடுப்பைப் பற்றிய வாதத்தில் இந்த உவமை அவளுக்குத் தற்செயலாகத்தான் வந்திருக்கும்.

அக்டோபர் 26, சனி

இதுவரை நான் நடுவர். இன்று எனக்கும் ஒரு கட்சி கிடைத்துவிட்டது. அதன் பெயர் பென் டிராமர்.

முதல் படத்தில் பென் டிராமர் திரையில் வருவதே இல்லை. லாரிக்கு அவன்மேல் ஓர் ஆசை. தோழி ஆனி அவனிடம் போய் அதைச் சொல்லிவிட, லாரி வெட்கத்தால் துடிக்கிறாள். அவ்வளவுதான். இரண்டாம் பாகத்தில், வெள்ளை முகமூடியணிந்த ஓர் உருவம் தெருவில் தள்ளாடிப் போகிறது. மைக்கேல் என்று எண்ணி லூமிஸ் துப்பாக்கியை நீட்டுகிறார். வேகமாக வந்த போலீஸ் கார் அவனை மோதி இன்னொரு வண்டியோடு சேர்த்து நசுக்க, தீப்பிடித்துக் கரிக்கட்டையாகிறான். இறந்தது யார் என்பது பிறகு ஒரே ஒரு வசனத்தில் வந்து போகிறது. லாரிக்கு அந்தச் செய்தி போய்ச் சேருவதே இல்லை. படம் அவனுக்காக ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை.

கணவர் முதல் படத்தில் போற்றும் அந்தக் காரணமில்லாத தற்செயல் இரண்டாவதில் செத்துவிட்டது என்பது சரியல்ல என்றேன். அது மைக்கேலின் கையிலிருந்து ஊராரின் கைக்கு மாறியிருக்கிறது. மைக்கேலுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்த அதே படம், காரணமே இல்லாத ஒரு சாவை நல்லவர்களைக் கொண்டு செய்ய வைக்கிறது. சாவியை மிதியடிக்குக் கீழே வைத்த பெண்ணும் முகமூடி வாங்கி மாட்டிக்கொண்ட பையனும் ஒரே வகை. இவளுக்குப் படம் ஒரு ஜாதகம் எழுதிக் கொடுத்தது, அவனுக்கு எதுவும் கொடுக்கவில்லை. தங்கைக் கதையை நானும் ஏற்கவில்லை. ஆனால் அதற்காகப் படத்தையே தள்ளுவது பென் டிராமரை இரண்டாம் முறை கொல்வது.

இதற்குப் பின்வந்த படங்களிலேயே ஆதாரம் இருக்கிறது. 1988-இல் வந்த நான்காம் பாகம் லாரியின் மகளை மையமாக்கியது. 1998-இல் வந்ததும் தங்கையை நம்பியே நின்றது. 2007-இல் இயக்குநர் ராப் சாம்பியும் அதை எடுத்துக்கொண்டார். 2018-இல் டேவிட் கார்டன் கிரீன் அந்த உறவைத் துடைத்தெறிந்தார். அண்ணன்தானே என்று கேட்கும் நண்பனுக்கு, அது யாரோ கட்டிவிட்ட கதை என்று லாரியின் பேத்தி பதில் சொல்கிறாள். கணவர் அந்த வசனத்துக்குக் கைதட்டியவர். ஆனால் அதே கிரீன் 2021-இல் எடுத்த அடுத்த படத்தில், ஊர்க் கூட்டம் அதே மருத்துவமனைக்குள் வேறொரு நோயாளியை மைக்கேல் என்று நினைத்துத் துரத்த, அவன் மாடியிலிருந்து குதித்துச் சாகிறான். தங்கையை வேண்டாம் என்றவர்கள் பென் டிராமரை எடுத்துக்கொண்டார்கள்.

கணவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அந்த 2021 படமும் அவருக்குப் பிடிக்காது என்றார்.

மகள் தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள்: கிளைமாக்ஸ். அறுவை அறையில் லூமிஸ் குத்துப்பட்டுக் கிடக்க, லாரி மூலையில் அகப்பட்டுக்கொள்கிறாள். மைக்கேல் கத்தியோடு நெருங்குகிறான். அவள் அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறாள். அவன் நிற்கிறான். உடனே அவள் இரண்டு குண்டுகளால் அவன் இரு கண்களையும் குருடாக்குகிறாள். முகமூடியின் ஓட்டைகளிலிருந்து ரத்தம் கண்ணீரைப் போல் வடிகிறது. யார் அழைத்தாலும் நிற்காதவன் இவள் அழைத்ததும் ஏன் நின்றான்? தங்கை என்ற ஒரு பதிலைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கணவர் காபி போடப் போனார்.

அக்டோபர் 31, வியாழன்

இவ்வாண்டு தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள். காலையில் எண்ணெய்க் குளியல், மாலையில் வாசலில் மிட்டாய்க் கூடை. வகுப்பை விட்டுவிட்டு மகளும் வந்துவிட்டாள். முன்முற்றத்தில் உண்மையான இலைகள் கணுக்கால் அளவு கிடக்கின்றன. முதல் படத்தை 1978 வசந்தத்தில் கலிபோர்னியாவின் சவுத் பாசடீனாவில் எடுத்ததால், தாளில் வெட்டிப் பழுப்பு நிறம் பூசிய இலைகளைத் தூவி, காட்சி முடிந்ததும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார்களாம். இல்லினாய் என்று சொல்லப்படும் அந்தத் தெருவில் சில காட்சிகளில் பனைமரமும் தெரியும்.

ஏழு மணிப் பணிக்கு நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது, பத்து வயதுப் பையன் ஒருவன் அந்த வெள்ளை முகமூடியோடு வந்தான். மற்றப் பிள்ளைகளைப் போல் எதுவும் சொல்லவில்லை. கூடையில் கைவிட்டு ஒரு சாக்லேட்டும், மகள் நீட்டிய ஒரு மைசூர்பாகும் எடுத்துக்கொண்டு திரும்பிப் படியிறங்கினான். அவன் நடைபாதையை அடைந்ததும் மகள், "மைக்கேல்!" என்று கூப்பிட்டாள்.

பையன் நின்றான். திரும்பி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எங்களைப் பார்த்தான்.

"பார்த்தாயா?" என்றார் கணவர். "கூப்பிட்டால் யாரும் நிற்பார்கள். அதற்குத் தங்கையாக இருக்க வேண்டியதில்லை."

"அவன் படத்தைப் பார்த்திருக்கிறான், அப்பா. அதனால்தான் நின்றான்" என்றாள் மகள்.

நான் காரை எடுக்கும்போதும் இருவரும் வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் அடுத்த வீட்டுக்குப் போயிருந்தான்.