ஒரு 'ரூலி' தந்த 2, அதே 'ரூலி' தந்த 5: நொர்ஸ்க் வாய்மொழிச் சோதனை அனுபவம்

போன கிழமை பெறுபேறு வந்தது. நொர்ஸ்க், அதாவது நோர்வே மொழிப் பாடத்தின் வாய்மொழிச் சோதனையில் 5. போன வருடம் அதே சோதனையில் எனக்குக் கிடைத்தது 2. சித்திதான், ஆனால் நான் விண்ணப்பிக்க நினைத்த படிப்புக்கு அது காணாது. இந்த ஒரு வருடத்தில் என் இலக்கணமோ உச்சரிப்போ பெரிதாகத் திருந்திவிடவில்லை. பக்கத்து மொழிகளான சுவீடிஷையும் டேனிஷையும் வாசிக்கும் விதத்தை மட்டும் மாற்றினேன். பிரிவாட்டிஸ்டாக, அதாவது வெளிப் பரீட்சார்த்தியாக, தனியே படிக்கிற தமிழ் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். பாடத்திட்டம், புள்ளி முறை எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

முதல் தடவை எனக்கு வந்த தாள்களில் ஒரு சுவீடிஷ் பகுதி இருந்தது. ஒரு பாட்டி தன் சின்ன வயதுக் கோடை இரவு ஒன்றை நினைத்துப் பார்க்கிறார். அதில் ஒரு வசனம், 'வி ஹாதெ சோ ரூலிக்ட்'. நாங்கள் மிகவும் அமைதியாக இருந்தோம் என்று எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடமாக எனக்கு 'ரூலி' என்றால் அமைதிதான். பாலர் பாடசாலையில் ஓடுகிற பிள்ளையிடம் சொல்வது ரூலி, பல் வைத்தியர் ஊசியோடு கிட்ட வரும்போது சொல்வதும் ரூலி. அந்த அமைதியை வைத்தே முழு விளக்கத்தையும் சொன்னேன். பேச்சுக் குறைந்த குடும்பம், வெளியே சொல்லாத துக்கம் என்று ஒரே போக்காகப் போனேன். சென்சூர் (பரீட்சகர்) ஒருவர், 'இந்த வீட்டில் எல்லாரும் அவ்வளவு மௌனமா?' என்று கேட்டார். யோசித்துப் பார் என்று அவர் தந்த சந்தர்ப்பம் அது. நான் 'ஓம்' என்று இன்னும் உறுதியாகச் சொன்னேன்.

வெளியே வந்து தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சுவீடிஷில் 'ரூலி' என்றால் குதூகலம், வேடிக்கை. அந்த இரவு அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். ரயிலில் வீடு வந்து சேரும்வரை நெஞ்சு எரிந்தது.

நான் காசு கட்டிப் போன வகுப்பில் பக்கத்து மொழிகளுக்கு ஒதுக்கியது ஒரேயொரு பின்னேரம். 'வாசித்தால் விளங்கும்' என்று முடித்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. விளங்குகிற மாதிரி இருப்பதுதான் இந்த மூன்று மொழிகளிலும் உள்ள ஆபத்து. பிரெஞ்சுத் தாள் வந்தால் தெரியாது என்று உடனே தெரியும். சுவீடிஷ் தாளில் தெரியாததும் தெரிந்த முகத்தோடு நிற்கும்.

சரி, 'ரூலி'க்கு வருவோம். இந்த மொழிகளின் மூதாதையான பழைய நோர்ஸ் மொழியில் 'ரோ' என்றால் ஓய்வு, அமைதி. ஜெர்மனின் 'ரூஹ' அதன் உறவு. அதிலிருந்து வந்த சொல் நோர்வே மொழியின் இரண்டு எழுத்து வடிவங்களான புக்மோலிலும் நீநொர்ஸ்கிலும் டேனிஷிலும் ஐஸ்லாந்திலும் இன்றைக்கும் அமைதிதான். சுவீடிஷ் மட்டும் விலகிப் போனது. ஓய்வாக இருப்பது, அதனால் மனம் இலேசாவது, அப்படியே இன்பமாவது, கடைசியில் சிரிப்பும் கூத்துமாவது என்று பொருள் படிப்படியாக நகர்ந்திருக்கிறது. ஆனால் பழைய பொருள் அங்கேயும் முற்றாகச் சாகவில்லை. சுவீடிஷில் 'ஊரூலி' என்றால் வேடிக்கை இல்லாதது அல்ல, கவலையோடிருப்பது. எதிர்ச்சொல்லுக்குள் பழைய அமைதி ஒளிந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை, அவ்வளவு சந்தோசம்.

நமக்கு இது புதிதும் அல்ல. யாழ்ப்பாணத்தில் 'ஆறுதலாச் சாப்பிடுங்கோ' என்றால் அவசரப்படாமல் சாப்பிடச் சொல்வது. தமிழ்நாட்டில் ஆறுதல் என்றால் துக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது. இரண்டுக்கும் அடியில் இருப்பது சூடு ஆறுகிற அதே 'ஆறு'. 'அம்மா பேசினவா' என்று நான் சொன்னால் சென்னை நண்பருக்கு அம்மா கதைத்தார் என்றுதான் கேட்கும், ஏச்சு வாங்கியது தெரியாது. இந்த உணர்வு நம் காதில் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சோதனைக்குக் கொண்டு போங்கள்.

அதனால் நான் செய்தது இது. ஒரு கொப்பியில் முதலில் வேர்ப்பொருளை எழுதினேன், அதற்குக் கீழே மூன்று மொழிகளில் இன்றைய பொருள். வேர் இல்லாமல் பட்டியலாகப் பாடமாக்கினால் எனக்கு மூன்று நாளில் மறந்துபோகும். வேர் தெரிந்தால் மற்றது தானாக வருகிறது. சில உதாரணங்கள்:

- ரார்: லத்தீன் வேர், அரியது. நோர்வேயில் விசித்திரமானது. டேனிஷிலும் சுவீடிஷிலும் அன்பான, இனிய ஆள்.
- க்ரீனெ: பல் தெரிய முகத்தைச் சுளிப்பது. நோர்வேயில் அழுவது, டென்மார்க்கில் சிரிப்பது.
- ஃப்ரூகொஸ்ட்: கீழ் ஜெர்மனில் அதிகாலை உணவு. நோர்வேயிலும் சுவீடனிலும் காலைச் சாப்பாடு, டென்மார்க்கில் மத்தியானச் சாப்பாடு.
- செமெஸ்டர்: நோர்வேயில் படிப்பின் அரையாண்டு, சுவீடனில் விடுமுறை.

நோர்வே 1814 வரை 400 வருடத்துக்கு மேல் டென்மார்க்கோடு ஒன்றாக இருந்த நாடு, புக்மோல் எழுத்தே டேனிஷிலிருந்து வளர்ந்தது, ஆகவே டேனிஷ் பயமில்லை என்று நினைக்காதீர்கள். மேலே உள்ள நான்கில் மூன்றில் டேனிஷ் வேறு பக்கம் நிற்கிறது.

இந்தத் தடவை வந்த தலைப்பு இதே பக்கத்து மொழிகள். அதிர்ஷ்டமும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் சரித்திரத்தில் தொடங்காமல் 'ரூலி'யில் தொடங்கினேன். போன வருடம் அதைப் பிழையாக வாசித்ததையும் சொன்னேன். 'சுவீடிஷ் விலகியது என்று எப்படிச் சொல்கிறீர்கள், மற்றவை விலகியிருக்கலாமே?' என்று சென்சூர் கேட்டார். ஐஸ்லாந்தையும் 'ஊரூலி'யையும் சொன்னேன். பிறகு 'ஆறுதல்' பற்றிச் சொல்ல, பேச்சு பன்மொழிக்குப் போய்விட்டது. அதுவும் பாடத்திட்டத்தில் உள்ள விசயம். இரண்டு பேரும் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அந்தச் சில நிமிடம்தான் 5 என்று நம்புகிறேன்.

மற்றவை சுருக்கமாக:

- நோர்வேயின் மொழி மன்றமும் பேர்கன் பல்கலைக்கழகமும் நடத்தும் புக்மோல், நீநொர்ஸ்க் அகராதி இணையத்தில் இலவசம். பல சொற்களுக்கு வேரும் இருக்கும். சுவீடிஷ் அகாதெமியின் அகராதிகளும் இலவசம்.
- நாளுக்கு ஒரு சொல் போதும். நான் மெதுவான ஆள், வேகமாகப் படிப்பவர்கள் கூட்டிக்கொள்ளலாம்.
- சுவீடிஷ் வானொலியைச் சமைக்கும்போது கேளுங்கள். டேனிஷை வாசியுங்கள், கேட்டு மனம் தளர வேண்டாம்.
- சென்சூர் ஒரு சொல்லைத் திரும்பக் கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். அந்த வசனத்தை இன்னொரு தடவை வாசியுங்கள். நான் அன்று அதைச் செய்திருந்தால் ஒரு வருடம் போயிருக்காது.

இலையுதிர்காலச் சோதனைக்குப் பதிய செப்டெம்பர் 15 கடைசி நாள். என் கொப்பியில் இப்போது 43 சொற்கள் இருக்கின்றன. படிக்கிற யாருக்காவது வேண்டுமென்றால் படமெடுத்து அனுப்புகிறேன்.