தண்ணீர்மலைப் பந்தலுக்கு ஒரு சர்வர்

10 ஜனவரி 2026, சனி

தைப்பூசம் பிப்ரவரி 1. இன்னும் மூன்று வாரம்தான். பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், ஜாலான் உத்தாமாவில் எங்கள் தண்ணீர்ப் பந்தல். யார் எத்தனை மணிக்கு மோர் கரைப்பது, யார் பாத்திரம் கழுவுவது, யாருடைய லோரி ஐஸ் கொண்டுவருவது என்பதெல்லாம் போன வருடம்வரை ஒரே நோட்டில் இருந்தது. தேர் வந்த இரவில் அந்த நோட்டு மழையில் நனைந்து பாதிப் பெயர்கள் அழிந்துபோயின. அதனால் இந்த முறை பட்டியலைப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஏற்றிவிட்டேன். தொண்டர்கள் கைபேசியிலேயே நுழைந்து தங்கள் முறையைப் பார்க்கலாம். கடவுச்சொல்லையும் அதே தரவுத்தளத்தில் வைத்தால், பட்டியலிலிருந்து ஒருவரை எடுத்ததும் அவருடைய நுழைவும் தானாக நின்றுவிடும்.

இடம் கொடுத்தவர் லிட்டில் இந்தியாவில் அச்சகம் வைத்திருக்கும் மாமா. பின்னறையில் டெபியன் லினக்ஸ் ஓடும் கணினி ஒன்று இருக்கிறது. அதில் ஏற்கெனவே ஓர் அப்பாச்சி, அதாவது வலைப்பக்கங்களை அனுப்பும் சர்வர் மென்பொருள், ஓடிக் கடைக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறது. "அதுல மட்டும் கை வெச்சிராதம்மா" என்றார். நியாயம். அதைத் தொடாமல், ஆப்ட் அடைவுக்குள் (கோப்புறைக்குள்) நமக்கென்று தனியாக ஒன்றை மூலநிரலிலிருந்து கட்டிக்கொள்வது என்று முடிவு.

இன்று இறக்கியவை: அப்பாச்சி 2.4 வரிசை, அதற்குத் துணையான நூலகங்கள் ஏபிஆர், ஏபிஆர்-யூட்டில். தரவுத்தளத்தோடு பேசவைக்கும் டிரைவர்கள் அப்பாச்சிக்குள் இல்லை, ஏபிஆர்-யூட்டிலுக்குள்தான் இருக்கின்றன. கோப்புகள் போலி இல்லை என்று காட்டும் கையொப்பங்களை ஜிபிஜி கருவியில் சரிபார்த்த பிறகே பிரித்தேன். நூற்றைம்பது பேருக்கு மேல் தங்கள் கைபேசி எண்ணை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

11 ஜனவரி, ஞாயிறு

பாலிடெக்னிக்கில் படிக்கும் அத்தை மகன் துணைக்கு வந்தான். அவன்தான் விசைப்பலகையில், நான் பக்கத்தில்.

ஏபிஆர் இரண்டையும் அப்பாச்சி மூலநிரலின் எஸ்ஆர்சிலிப் அடைவுக்குள் போட்டான். பதிப்பு எண் ஒட்டிய பெயரோடு போட்டால் கட்டுவதற்கு முன் தேவையானவை இருக்கின்றனவா என்று தேடும் கான்ஃபிகருக்குத் தெரியாது. 'ஏபிஆர்', 'ஏபிஆர்-யூட்டில்' என்று மொட்டையாக இருக்க வேண்டும். மாற்றினோம். அடுத்து பிசிஆர்ஈ என்ற நூலகம் இல்லை என்று நின்றது. நிறுவினோம். கம்பைல் செய்யும் மேக் கட்டளை ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் எக்ஸ்எம்எல் படிக்கும் எக்ஸ்பாட் நூலகத்தின் எக்ஸ்பாட்.எச் கிடைக்கவில்லை என்று விழுந்தது. முன்பெல்லாம் எக்ஸ்பாட் ஏபிஆர்-யூட்டிலோடு சேர்ந்தே வரும். 1.6 பதிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள், நாமேதான் நிறுவ வேண்டும். அதையும் போட்டோம்.

பிறகு தடையே இல்லை. தே தாரிக் தேநீர் வாங்கி வருவதற்குள் மேக் இன்ஸ்டாலும் முடிந்திருந்தது.

"முடிஞ்சிருச்சுக்கா!"

கட்டமைப்புக் கோப்பில் தரவுத்தள இணைப்புக்கான மாட்-டிபிடி, அதில் கடவுச்சொல் சரிபார்க்கும் மாட்-ஆத்என்-டிபிடி இரண்டின் லோட்மாட்யூல் வரிகளுக்கும் முன்னால் அவற்றை முடக்கி வைத்திருந்த குறியை எடுத்து, போஸ்ட்கிரெஸ் டிரைவர் வேண்டும் என்பதற்கு டிபிடிரைவர் பிஜிஎஸ்கியூஎல் என்று எழுதிச் சர்வரை எழுப்பினால், எழவில்லை. ஏபிஆர்_டிபிடி_பிஜிஎஸ்கியூஎல்.எஸ்ஓ என்ற டிரைவர் கோப்பை ஏற்ற முடியவில்லையாம். லிப் அடைவுக்குள் போய் ஏபிஆர்-யூட்டில்-1 என்ற இடத்தில் தேடினோம். அப்படி ஒரு கோப்பே அங்கே இல்லை.

வித்-பிஜிஎஸ்கியூஎல் என்று கேட்டுத்தானே கட்டினோம்? கேட்டோம். கட்டளையை மூன்று தரம் படித்துப் பார்த்தேன், எழுத்துப் பிழைகூட இல்லை. கடை மூடும் நேரமாகிவிட்டது.

12 ஜனவரி, திங்கள்

வேலை முடிந்து நேராக அச்சகம். நேற்றைய கான்ஃபிகர் வெளியீட்டை ஒரு கோப்பில் பிடித்து வைத்திருந்தது நல்லதாயிற்று. பல நூறு வரிகளுக்கு நடுவில், போஸ்ட்கிரெஸின் லிப்பிக்யூ-எஃப்ஈ.எச் தேடுகிறேன் என்று ஒரு வரி. முடிவில் 'நோ'. அவ்வளவுதான். எச்சரிக்கை கிடையாது, நிற்கவும் இல்லை. போஸ்ட்கிரெஸ் சர்வர் இந்தக் கணினியிலேயே ஓடினாலும், கம்பைல் செய்யத் தேவையான தலைப்புக் கோப்புகள் தனிப் பொதியில் இருக்கின்றன: லிப்பிக்யூ-டெவ். அது இல்லாததால் டிரைவரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழகாகக் கட்டி முடித்திருக்கிறது.

இது எனக்குப் பிடிக்கவில்லை. எக்ஸ்பாட் இல்லாதபோது நின்றதே, அந்த மாதிரி இங்கேயும் நின்றிருக்கலாம். ஒன்றைப் பெயர் சொல்லிக் கேட்டவருக்கு அது கிடைக்கவில்லை என்றால் உரக்கச் சொல்வதுதான் முறை.

லிப்பிக்யூ-டெவ் போட்டு, பழையதைத் துடைத்து, மறுபடி கான்ஃபிகர். இந்த முறை தம்பி மேக் கொடுப்பதற்கு முன் 'நோ' என்று முடியும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தான். லிப்பிக்யூ அதில் இல்லை. மேக். டிரைவர் கோப்பு உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது. சர்வர் எழுந்தது.

17 ஜனவரி, சனி

கடவுச்சொற்களை திருப்பிப் படிக்க முடியாத பிகிரிப்ட் வடிவுக்கு மாற்றி ஏற்றினேன். 8443 துறையில் (போர்ட்), மறையாக்கப்பட்ட டிஎல்எஸ் வழியாக மட்டும் நுழைவு. இந்த வகை நுழைவில் கடவுச்சொல் ஒவ்வொரு கோரிக்கையோடும் போகிறது, திறந்த வழியில் அனுப்பக் கூடாது.

இன்று முழுக்க ஒரு கணக்கில் போனது. தரவுத்தள இணைப்புகளின் உச்சவரம்பான டிபிடிமேக்ஸ் அளவைச் சொல்லாமல் விட்டால் 10 இணைப்புகள். அது சர்வர் முழுவதற்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, ஒவ்வொரு பிராசஸுக்கும் 10. அப்பாச்சியின் ஈவென்ட் முறையில் இயல்பாக 16 பிராசஸ் வரை போகலாம். ஆக 160. போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஏற்பதோ 100. சாதாரண நாளில் இது வெளியே தெரியாது. தேர் வரும் இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் கைபேசியைத் திறக்கும்போதுதான் கதவு அடைபடும். டிபிடிமேக்ஸை 4 ஆக்கினேன். உச்சத்திலும் 64 தாண்டாது, மாமாவின் கணக்குக்கும் இடம் மிஞ்சும்.

மாமா எட்டிப் பார்த்து, "கடை சிஸ்டம் நல்லாத்தான் ஓடுது" என்றார்.

25 ஜனவரி, ஞாயிறு

பட்டர்வொர்த் பெரியம்மா முதல் ஆளாக நுழைந்தார். காலை 6 முதல் 10 வரை மோர். பதிவேட்டில் அவர் பெயரைப் பார்த்ததும் உடனே அழைத்துப் பேசினேன். எழுத்து சிறியதாக இருக்கிறதாம். பெரிதாக்கிக் கொடுத்தேன்.

நாமே கட்டியது என்பதால், இனிப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் டெபியன் இந்தச் சர்வரைப் புதுப்பிக்காது. அப்பாச்சியின் அறிவிப்பு மடல் பட்டியலில் என் முகவரியையும் தம்பியின் முகவரியையும் சேர்த்தாயிற்று. நாம் கொடுத்த கான்ஃபிகர் கட்டளை முழுவதும் கான்ஃபிக்.நைஸ் என்ற கோப்பில் தானாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதை அவனுக்கு அனுப்பி, வீட்டு மடிக்கணினியில் தனியாகக் கட்டிப் பார்க்கச் சொன்னேன். திருத்தம் வரும் நாளில் நான் ஊரில் இல்லாமல் போகலாம்.

இரவு பதினொன்றரைக்கு அவனிடமிருந்து செய்தி: "அக்கா, லிப்பிக்யூ யெஸ். எஸ்கியூலைட்3 நோ-ன்னு வருது. அத நாம கேக்கல, விட்டுட்டு மேக் குடுக்கவா?"

கொடு என்றேன்.