இரண்டாவது குழாய் ரத்தம்

போன ஐப்பசியில் கொல்லையில் தென்னை மட்டை பொறுக்கப் போனேன். பக்கத்துப் பனையில் கதண்டு, அதாவது பெரிய குளவி, கூடு கட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை. பிடரியில் இரண்டு, காதுக்குப் பின்னால் ஒன்று. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒன்றிரண்டு கடி என்றால் சுண்ணாம்பைத் தடவிவிட்டு வேலையைப் பார்ப்பவர்கள் உண்டு. நானும் சுண்ணாம்பு டப்பாவைத்தான் தேடினேன். அது கைக்குக் கிடைப்பதற்குள் உள்ளங்கை அரித்தது, உதடு தடித்தது, வாந்தி. மச்சான் பைக்கில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துத் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். ரத்த அழுத்தத்தில் மேல் அளவு 70தான் இருந்ததாம். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. அதற்கப்புறம்தான் பணியில் இருந்த டாக்டரம்மா கேட்டார்: "எத்தனை மணிக்குக் கடிச்சுது சார்?" நாலே கால் இருக்கும் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். குழாயின் மேல் ஒட்டிய பிளாஸ்திரியில் தன் கையாலேயே 5.40 என்று எழுதினார்.

லேப் பையன், "ட்ரோப்போனின்தானே மேடம்?" என்றான். அது மாரடைப்புக்குப் பார்ப்பது. இது டிரிப்டேஸ். ஒவ்வாமையில் நம் உடம்பின் மாஸ்ட் செல்கள் கொட்டுகிற ஒரு என்சைம். அரிப்பும் வீக்கமும் உண்டாக்குகிற ஹிஸ்டமினையும் அவை கொட்டும். ஆனால் அது ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து போய்விடும், பிடிப்பது கஷ்டம். டிரிப்டேஸ் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் உச்சிக்குப் போய், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதி பாதியாக இறங்கும். நாலு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது இதனால்தான். அங்கே அந்த டெஸ்ட் கிடையாது, சென்னைக்கு அனுப்பினார்கள்.

ராத்திரி முழுக்கக் கண்காணிப்பில் வைத்திருந்துவிட்டு, "எல்லாம் அடங்கி ஒரு நாள் கழிச்சு இன்னொரு தடவை ரத்தம் கொடுங்க, மறந்துடாதீங்க" என்று அனுப்பினார் டாக்டரம்மா. மூன்றாம் நாள் போனால் பில் போடுகிறவர் விடவில்லை. "இதே டெஸ்ட் முந்தாநாள்தானே எடுத்தீங்க?" சீட்டைக் காட்டி, டாக்டருக்கு போன் போட வைத்து, அரை மணி நேரம் நின்றேன். விலையும் கொஞ்சநஞ்சமில்லை. திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

முதல் ரிப்போர்ட் வந்தது. 9.6. பக்கத்திலேயே 11.4 வரை நார்மல் என்று அச்சடித்திருந்தது. அண்ணன் படித்துவிட்டுச் சிரித்தார். "ஒண்ணுமில்லடா, பயத்துல மயங்கியிருக்க." எனக்கே அப்படித்தான் இருக்குமோ என்று ஆகிவிட்டது.

இரண்டாவது ரிப்போர்ட்டில் 3.5. இரண்டையும் எடுத்துக்கொண்டு திருச்சியில் ஒரு அலர்ஜி டாக்டரைப் பார்த்தேன். ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டார். உங்களுடைய சாதாரண அளவு 3.5. அதை 1.2-ஆல் பெருக்கினால் 4.2, கூட 2 சேர்த்தால் 6.2. கடித்த அன்று அதைத் தாண்டியிருந்தால் மாஸ்ட் செல்கள் கொட்டியிருக்கின்றன என்று அர்த்தம். 9.6 தாண்டிவிட்டது. "ஊருக்கு நார்மல், உங்களுக்கு இல்லை" என்றார். சாதாரண நாளிலேயே டிரிப்டேஸ் கூடுதலாக இருப்பவர்களுக்குப் பூச்சிக்கடி இன்னும் மோசமாகப் போகலாமாம். நல்ல வேளை, நான் அந்த ரகமில்லை. சாப்பாட்டு ஒவ்வாமையில் பல சமயம் இது ஏறவே ஏறாது, அதனால் ஏறவில்லை என்பதை வைத்து எதையும் தள்ளிவிடக் கூடாது என்றும் சொன்னார். ஆறு வாரம் கழித்து, குளவி விஷத்துக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தோம். அதுவும் பாசிட்டிவ்.

கூட்டைத் தீயணைப்புக்காரர்கள் ஒரு ராத்திரி வந்து கொளுத்திவிட்டார்கள். ரிப்போர்ட் இரண்டையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து வைத்திருக்கிறேன். அண்ணன் இன்னும் முதல் தாளைத்தான் புரட்டுகிறார்.