அம்மா பிறந்தது 1118-ல்

அம்மா இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் அடியந்திரத்துக்கு, சென்னையிலிருந்து வந்த என் நண்பன், பந்தியில் ஆட்கள் சாப்பாட்டை மறந்து சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறோமா என்று சந்தேகப்பட்டுவிட்டான். ஆளாளுக்கு அம்மா சொன்ன ஒன்றை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர், "அப்பிடி இல்ல, அவ சொன்னது இப்பிடியாக்கும்" என்று திருத்த, அதற்கு ஒரு சண்டை. நானும் ஒன்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அம்மா சொல்லும்போது முகத்தில் ஒன்றுமே இருக்காது, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே தலை நிமிராமல் சொல்லிவிட்டு அடுத்த ஈர்க்கை எடுப்பாள். எனக்கானால் வாயைத் திறக்கும் முன்பே சிரிப்பு வந்துவிடுகிறது. எழுதினாலாவது ஒழுங்காக வருகிறதா பார்ப்போம்.

முதலில் வயது விஷயம். எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டார் பக்கம். அம்மா பிறந்ததைத் தாத்தா ஒரு கணக்கு நோட்டில் '1118 சித்திரை' என்று எழுதி வைத்திருந்தார். திருவிதாங்கூர்க் காலத்தில் பத்திரம், ஜாதகம் எல்லாம் கொல்லம் ஆண்டுதான். சித்திரை மாசம் என்றால் 825-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும், 1943 வரும். இது அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் யார் கேட்டாலும் 1118 என்றுதான் சொல்வாள். 2018-ல் என் மகள் பள்ளிக்கூடத்தில் கழித்தல் கணக்கு படித்துக்கொண்டிருந்த நேரம், விரலை மடக்கி மடக்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, "பாட்டிக்கு 900 வயசு!" என்று அலறினாள். "அதாக்கும் மக்களே முட்டு இப்பிடி வலிக்கு" என்றாள் அம்மா.

நாலு வருஷம் கழித்து, 2022 ஜூலையில், திருவட்டார் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 418 வருஷத்துக்குப் பிறகு கும்பாபிஷேகம் நடந்தது. ஊரே அங்கேதான். கூட்டத்தில் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். பக்கத்தில் நின்ற ஒரு பெண், இதைப் பார்க்க என்ன புண்ணியம் செய்தோமோ என்று கண்கலங்கினாள். அம்மா அவள் பக்கம் திரும்பி, "போன தடவையும் நான் வந்தேன் பிள்ளே, அப்ப இவ்வளவு நெரிசல் கெடையாது" என்றாள். அந்தப் பெண் பாதி தலையாட்டிவிட்டாள். அப்புறம்தான் யோசித்தாள்.

அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது நாலு மாநிலக் கதை. பிறந்தது திருவிதாங்கூரில். பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது அது திரு-கொச்சி ஆகிவிட்டது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளம் தாலுகாவோடு சேர்ந்து அவளும் மதராஸ் மாநிலத்துக்கு வந்தாள். கல்யாணம் அங்கே. 1969 ஜனவரியில் அதுவும் தமிழ்நாடு என்று பேர் மாறியது. "நாலு ஸ்டேட்டுல இருந்தாச்சு, பிறந்த வீட்டுக்கும் கெட்டிக்குடுத்த வீட்டுக்கும் நடுவுல ரெண்டு மைலு" என்பாள். அண்ணன் பிறந்தது 1965, நான் 1970. எங்களுக்குள் எல்லைத் தகராறு வந்து ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தபோது ஊரே பஞ்சாயத்துக்கு வந்தது. அம்மா மட்டும், "ஒருத்தன் மதராஸ்காரன், ஒருத்தன் தமிழ்நாட்டுக்காரன், ரெண்டும் எப்பிடி ஒத்துப்போவும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு சண்டையைத் தொடர எங்களுக்கே வெட்கமாகப் போய்விட்டது. அந்த வரப்பில் இப்போது ஒரு மட்டி வாழை நிற்கிறது, குலை யாருக்கு என்று இதுவரை முடிவாகவில்லை.

புகழ்ந்து மட்டும் எழுதினால் மைனி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, என்னைச் சும்மா விடமாட்டாள். அம்மாவின் நாக்கு ஆளைக் கீறவும் செய்யும். மைனி கல்யாணமாகி வந்த புதிதில் சுட்ட தோசையைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, "தோசை கொள்ளாம் பிள்ளே, எனக்குப் பல்லு இருந்த காலத்துல நீ வந்திருக்கலாம்" என்று சொன்னாள். அப்போது அவளுக்கு ஒரு பல்கூட விழவில்லை என்பது வேறு விஷயம். மைனி அன்றைக்கு அடுக்களையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். அம்மா அதற்கு ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியாது, கேட்கிற ஆளும் கிடையாது. ஆனால் முப்பது வருஷம் கழித்து அம்மா நிஜமாகவே பல்செட் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த அன்று மைனி தட்டில் தோசையை வைத்தபடி, "இனி பல்லைக் குத்தம் சொல்ல முடியாது மாமி" என்றாள். அம்மா தட்டையும் மைனியையும் பார்த்துவிட்டு, "இவ தேறிட்டா" என்று என்னிடம் சொன்னாள். அவள் வாயிலிருந்து வந்த ஒரே நற்சான்றிதழ் அதுதான். கடைசி ரெண்டு வருஷம் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, தலை பின்னிவிட்டு எல்லாம் பார்த்துக்கொண்டதும் மைனிதான்.

தன் அடியந்திரத்துக்கு அம்மா முன்கூட்டியே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். அவியலில் கேரட் போட்டால் எழும்பி வந்துவிடுவாளாம். சேனை, வாழைக்காய், வழுதனங்காய், முருங்கைக்காய், அவ்வளவுதான். சமையல்காரர்கள் நிறத்துக்காகக் கேரட்டும் பீன்சும் போட ஆரம்பித்ததை அவள் ஊருக்கு வந்த கேடாகவே பார்த்தாள். அண்ணன் காலை நாலு மணியிலிருந்து அவியல் உருளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். கேரட் விழவில்லை. ஆனால் எல்லாருடைய கண்ணும் அங்கேயே இருந்ததில் அடைப்பிரதமன் பாயசம் அடிப்பிடித்துவிட்டது. அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று மைனியிடம் கேட்டேன். பப்படத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, நிமிராமல், "உங்க அண்ணனை ரெண்டா வெட்டி ரெண்டு அடுப்புலயும் நிப்பாட்டியிருக்கணும்" என்றாள். தலை நிமிராததைக் கவனியுங்கள்.

ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றிப் பெரிதாக எழுதத் தோன்றவில்லை. நாகர்கோவிலில் ஒன்பது நாள். சேர்க்கும்போது கவுண்டரில் இருந்த பெண் பிறந்த வருஷம் கேட்க, மூச்சுத் திணறலுக்கு நடுவிலும் "ஆயிரத்து நூற்றிப் பதினெட்டு" என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் 1943 என்றேன்.

குளச்சல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து, அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்து வீடு வீடாகப் போகும் மீன்காரக்காவை இங்கே சொல்லியே ஆகவேண்டும். இருபத்தைந்து வருஷமாக எங்கள் திண்ணையில் அவளும் அம்மாவும் போட்ட விலைச்சண்டை பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பொழுதுபோக்கு. "ரூபாய்க்கு 28 சக்கரம்னு எண்ணிப் படிச்சவளாக்கும் நான், எனக்குக் கணக்கு சொல்லித் தராத" என்று பழைய திருவிதாங்கூர்க் காசுக் கணக்கில் அம்மா ஆரம்பிப்பாள். ஒரு கூறு சாளைக்குப் பத்து ரூபாய் குறைய அரைமணி நேரம். நடுவில் ஒரு கருப்பட்டிக் காப்பியும் உண்டு, அதற்குக் காசு கணக்கு வைத்தால் அம்மாவுக்கு நஷ்டம்தான்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்களுக்கு ரப்பரும் வாழையும் விழுந்தன, பல நாள் கரண்ட் இல்லை. கடற்கரைக்காரர்களுக்குப் போனது ஆட்கள். மீன்காரக்காவின் அக்காள் மகன் திரும்பி வரவில்லை. அவள் வராத அத்தனை நாளும் அம்மா வேறு யாரிடமும் மீன் வாங்கவில்லை, மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாயும் வைத்து ஓட்டினாள். ஒருநாள் காலையில் அவள் வந்து சருவத்தை இறக்கினாள். உள்ளே அரைச் சருவம்தான் நெத்தோலி. அம்மா காப்பி கொடுத்தாள், ரெண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அம்மா அவ்வளவையும் வாங்கி, அவள் சொன்ன காசை அப்படியே எண்ணி வைத்தாள். "என்னக்கா, விலை கேக்கல?" என்றாள் அவள். "நாளைக்குச் சேத்துப் பேசிக்கிடலாம்" என்றாள் அம்மா. நாளைக்குப் பேசவும் செய்தாள்.

அடியந்திரம் கழிந்த வாரம் மீன்காரக்கா வந்தாள். நான் திண்ணையில் இருந்தேன். ஒரு கூறு அயிலை, நூற்றைம்பது என்றாள். கொடுத்தேன். மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்துப் பணத்தை வைத்தவள், யோசித்து ஒரு பத்து ரூபாயைத் திரும்ப என் கையில் வைத்தாள்.

"அக்கா எப்பிடியும் இதைக் கொறச்சிருப்பா. ஒரு கை பிடி மக்களே."

சருவத்தைத் தூக்கிவிட்டேன்.