கணக்கு நோட்டைத் திறந்த பிறகுதான் எங்கள் ஜமாஅத் ஒன்றானது

அல்ஹம்துலில்லாஹ், எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத் தேர்தல் முடிந்து புது நிர்வாகம் சாவியை வாங்கிவிட்டது. ரெண்டு நிர்வாகம், ரெண்டு முத்திரை, ரெண்டு ரசீதுப் புத்தகம் என்று ஊர் கிடந்த கிடப்பை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, இப்போதுதான் ஒருவருக்கொருவர் சலாம் சொல்ல ஆரம்பித்திருக்கிறோம். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதே மாதிரி இழுபறியில் இருக்கும் ஜமாஅத்துகள் நெல்லைச் சீமையில் இன்னும் இருக்கின்றன, அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பள்ளிவாசலுக்கு நஞ்சை இருக்கிறது, கார், பிசானம் என்று ரெண்டு போக நெல்லும் விளையும் நல்ல வயல். அதை யாருக்கு எவ்வளவு குத்தகைக்கு விட்டார்கள் என்று பொதுக்குழுவில் வாசிப்பதைப் பல வருடமாக விட்டுவிட்டார்கள். பொதுக்குழுவே கூட்டவில்லை என்பது வேறு. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சின்ன வயசுப் பையன் ஒருவன் எழுந்து குத்தகைப் பணம் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்று மரியாதையாகத்தான் கேட்டான். அதற்கு வந்த பதில், "பள்ளிவாசல்ல ஃபித்னா பண்ணாத." அந்த ஒரு சொல்தான் ஊரை ரெண்டாக்கியது. கணக்குக் கேட்டவன் குழப்பவாதி, கேட்காதவன் ஒற்றுமைக்காரன் என்று ஆனது. காயிதே மில்லத் 1896-ல் நம்ம திருநெல்வேலி மண்ணில் பிறந்தவர் என்று மேடைக்கு மேடை பெருமை பேசும் நம் ஊர்களில், சமுதாய ஒற்றுமை என்ற பேச்சை ஒரு கேள்வியை அடக்குவதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அப்புறம் நடந்ததெல்லாம் அடுக்கடுக்காக வந்தது. கேட்ட பையனுடைய தங்கை நிக்காஹ்வுக்கு தஃப்தர் (ஜமாஅத்தின் திருமணப் பதிவேடு) தர மறுத்துவிட்டார்கள். பக்கத்து ஊர் ஜமாஅத் பெரிய மனது பண்ணி நடத்திக் கொடுத்தது. (இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தவரும் திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாளுக்குள் பதிய வேண்டும். நிக்காஹ் எந்த ஊர் தஃப்தரில் ஏறியதோ அந்த ஜமாஅத்தின் கடிதத்தையும் கல்யாணப் பத்திரிகையையும் பத்திரமாக வைத்திருங்கள். சொந்த ஊர் முத்திரை இல்லை என்று மனசு உடைய வேண்டாம்.) கேள்வி கேட்ட தரப்பும் சும்மா இருக்கவில்லை, ஒரு ஓட்டுக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்துத் தனி ஜும்ஆ தொடங்கியது. ஒரே தெருவில் ரெண்டு குத்பா, ஒலிபெருக்கிக்கு ஒலிபெருக்கி பதில்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மையத்து (இறந்தவர் உடல்) விஷயம்தான் பொறுக்க முடியவில்லை. கொட்டகைப் பக்கம் தொழுதுவந்த ஒரு பெரியவர் வஃபாத் ஆனார். மையத்தைச் சுமந்து செல்லும் சந்தூக்கு இருக்கும் அறையின் சாவி நிர்வாகத்தில் ஒருவர் கையில். அவர் வெளியூரில் இருக்கிறேன் என்கிறார், வீட்டில் கேட்டால் சாவி எங்கே என்று தெரியாது என்கிறார்கள். குளிப்பாட்டி, கஃபன் இட்டு, வெயில் ஏறிக்கொண்டே போகிறது. உள்ளே பெண்களின் அழுகை, வெளியே ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கிறார்கள். கடைசியில் என் மாமா முறைக்காரர் ஒருவர், அவர் நிர்வாகத்தின் பக்கம் நின்றவர்தான், மோதினாரை அழைத்துக்கொண்டு போய்ப் பூட்டை உடைத்து சந்தூக்கைத் தோளில் வைத்துக் கொண்டுவந்தார். "யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கிடுதேன், தூக்குங்கல" என்றார். அந்த மனிதர் இல்லையென்றால் எங்கள் ஊர் இன்று ஒன்றாகியிருக்காது. சமரசம் பேச ஒரு ஆள் வேண்டும் என்று எல்லா ஊரிலும் தேடுகிறார்கள். தன் கட்சி கோபப்படும் என்று தெரிந்தும் நியாயத்தைச் செய்கிறவர் எங்கேயாவது ஒருவர் இருப்பார், அவரைப் பிடியுங்கள்.

அதற்குப் பிறகுதான் இரு பக்கத்திலும் சில பேர் சேர்ந்து முறைப்படி ஒரு தேர்தல் கேட்போம் என்று முடிவு செய்தோம். வக்ஃப் (அல்லாஹ்வுக்காக அர்ப்பணித்த சொத்து) பதிவில் இருக்கும் பள்ளிவாசல் என்றால் வக்ஃப் வாரியத்தின் மேற்பார்வையில் தேர்தல் நடத்தித் தரும்படி மனுக் கொடுக்கலாம். மனு எழுதுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. வக்ஃப் பதிவின் நகலைத் தேடியதுதான் எங்களை உலுக்கிவிட்டது. நிர்வாகத்தில் கேட்டால் பழைய முத்தவல்லி (வக்ஃப் சொத்தை நிர்வகிப்பவர்) வீட்டு அலமாரியில் இருக்கும் என்றார்கள், அவர் மகனிடம் கேட்டால் வீடு மாற்றும்போது போயிருக்கும் என்றார். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், ஒரு இடத்தில் நகல் கேட்டுப் போனால் எழுத்தர் தலை நிமிராமலே, "பதிவு எண் இல்லாம எதை எடுக்க?" என்றார். பதிவு எண்ணே அந்த நகலில்தான் இருக்கிறது என்று சொன்னதற்கு, அடுத்த வாரம் வா என்றார். அடுத்த வாரம் போனால் அவர் விடுப்பு. பதிவேடு இருக்கும் அறையைத் திறக்க வேறு ஆளுக்கு அதிகாரம் இல்லையாம்.

இங்கே நான் சொல்லும் யோசனையைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டு அலையாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதிப் போடுங்கள், 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். எங்களுக்கு நகல் வந்தது அப்படித்தான். கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகை வாங்குங்கள், கையில் வாங்க மறுத்தால் தபாலில் ஒப்புகையோடு அனுப்புங்கள்.

நகல் வந்ததும் அடுத்த அதிர்ச்சி. அதில் இருக்கும் சர்வே எண்ணும் இப்போதைய பட்டாவும் பொருந்தவில்லை. எண்பதுகளில் நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பதிவின்போது வயலில் ஒரு துண்டு, பள்ளிவாசல் பெயருக்குப் பதிலாக அப்போதைய முத்தவல்லியின் சொந்தப் பெயரில் ஏறியிருக்கிறது. அவர் அபகரித்தார் என்று நான் சொல்லவில்லை, அப்போது அவர்தான் வரி கட்டிக்கொண்டிருந்தார். உங்கள் ஊர் பள்ளிவாசல் நிலத்துக்கும் இன்றைக்கே பட்டா, அ-பதிவேடு (கிராம நிலங்களின் உரிமை விவரம் உள்ள பதிவேடு) இரண்டையும் எடுத்துப் பாருங்கள். சண்டை வந்த பிறகு பார்த்தால் அது ஒரு தரப்பின் ஆயுதமாகிவிடும்.

ரமலானுக்கு முன்பு நடந்த அலைச்சலையும் சொல்ல வேண்டும். நோன்புக் கஞ்சிக்கு அரசு தரும் பச்சரிசிக்குப் பள்ளிவாசல் நிர்வாகம் மனுக் கொடுக்க வேண்டும் அல்லவா. 2025-ல் எங்கள் ஊரிலிருந்து ரெண்டு தரப்பும் தனித்தனியாக, ஒரே பள்ளிவாசல் பெயரில், ரெண்டு முத்திரையோடு மனுக் கொடுத்தார்கள். இரண்டும் திரும்பி வந்தன. யார் நிர்வாகம் என்று முடிவாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். காலையில் முதல் பஸ்ஸில் போய் மதியம் வரை வராந்தாவில் நின்று வெறுங்கையோடு திரும்பினோம். அந்த வருடம் கஞ்சிக்கு அரிசி வீடு வீடாகத் திரட்டியது. பீடி சுற்றிப் பிழைக்கும் வீடுகள்கூட ஒரு படி, அரைப் படி கொண்டுவந்து கொடுத்தார்கள். அரிசியை அளந்து போட்ட பெண்களுக்கு எந்தத் தரப்பு என்ற பேச்சே இல்லை.

நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை கைகலப்பு வரப் பார்த்தது. போலீஸ், தாசில்தார் முன்னிலையில் சமாதானக் கூட்டம், இரு பக்கமும் எழுதிக்கொடுத்தது, எல்லாம் வழக்கம் போல. இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். அமைதியாக இருப்பேன் என்று எழுதி வாங்கும் பழைய 107 வழக்குதான் இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 126-வது பிரிவு. அதில் பெயர் ஏறினால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன்னால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நிற்க வேண்டும். சவூதிக்கோ துபாய்க்கோ போக விசா பார்த்துக்கொண்டிருக்கும் பையன்கள் பாஸ்போர்ட் விசாரணை வரும்போது தவிக்க நேரும். தள்ளுமுள்ளுக்கு முன்வரிசையில் பையன்களை நிறுத்தும் பெரியவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எங்களை உண்மையில் ஒரே அறையில் உட்கார வைத்தது வக்ஃப் சட்டத் திருத்தம்தான். 2025 ஜூன் 6 அன்று தொடங்கிய உமீத் இணையதளத்தில் வக்ஃப் சொத்து விவரங்களை ஆறு மாதத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று வந்தது. ஏற்ற வேண்டியவர் முத்தவல்லி. எங்களுக்கோ முத்தவல்லி யார் என்பதே தகராறு. மாதங்கள் ஓட ஓட, அந்த நஞ்சை பறிபோய்விடுமோ என்ற பயம் ரெண்டு பக்கத்துக்கும் ஒரேபோல வந்துவிட்டது. பக்கத்து ஜமாஅத்துகளின் பெரியவர்கள் இரண்டு பேர், ஒரு ஆலிம், பூட்டை உடைத்த அந்த மாமா, இவர்கள் நான்கு பேரும் நடுவில் உட்கார்ந்தார்கள்.

அன்றும் முதலில் ஒற்றுமை பற்றிய பேச்சில்தான் தொடங்கப் பார்த்தார்கள். ஆலிம் தடுத்தார். ஹுஜுராத் சூராவில் இரு கூட்டத்தார் சண்டையிட்டால் சமாதானம் செய்யுங்கள் என்று சொல்லும் இடத்திலேயே நீதமாகச் செய்யுங்கள் என்றும் அல்லாஹ் சொல்கிறான், ஆகவே முதலில் நோட்டைக் கொண்டுவாருங்கள் என்றார். நோட்டு வந்தது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் பக்கம் பக்கமாகச் சரிபார்த்து வாசித்தார். பயந்த மாதிரி பெரிய மோசடி எதுவும் இல்லை. குத்தகைப் பணத்தில் ஒரு பகுதியைப் பள்ளிவாசல் மதில் வேலைக்குச் செலவழித்திருக்கிறார்கள், ரசீது வைக்கவில்லை. ஒரு வருடக் குத்தகை இன்னும் வசூலாகவே இல்லை, குத்தகைக்காரர் நிர்வாகியின் மச்சான், கேட்கக் கூச்சம். இவ்வளவுதான்! இதை முதல் வெள்ளிக்கிழமையே எழுந்து சொல்லியிருந்தால் ஒரு மையத்து வெயிலில் காத்துக்கிடந்திருக்காது.

ஒப்பந்தம் எழுதும்போது மறுபடி முட்டிக்கொண்டது. கையெழுத்துப் போடுமிடத்தில் 'தலைவர்' என்று எழுதினால்தான் போடுவேன் என்கிறார் பழைய நிர்வாகத் தலைவர், எழுதினால் நாங்கள் போட மாட்டோம் என்கிறது மறுபக்கம். இஷா தாண்டியும் இழுத்தது. ஹுதைபிய்யாவில் மக்கா குறைஷிகளோடு நபி (ஸல்) அவர்கள் செய்த உடன்படிக்கையை ஆலிம் நினைவுபடுத்தினார். உடன்படிக்கையில் 'அல்லாஹ்வின் தூதர்' என்று எழுதியதைக் குறைஷிகளின் சார்பில் வந்த சுஹைல் ஏற்காதபோது, நபி (ஸல்) அவர்கள் 'அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத்' என்றே எழுதச் செய்தார்கள். பழையவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பேனாவை வாங்கி, பதவி எதுவும் இல்லாமல், தன் பெயரும் வாப்பா பெயரும் மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் போய்விட்டது. மறுநாளே இரு தரப்பும் ஏற்ற ஒருவரை வைத்து இணையதளத்தில் விவரங்களை ஏற்றினோம், கெடுவுக்குள் முடிந்தது.

தேர்தல் நாள் அமைதியாகப் போனது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் முழுக்க வாக்காளர் பட்டியலில். ஜமாஅத் வரி பாக்கி உள்ளவர்களுக்கு ஓட்டு உண்டா, கொட்டகைக்குச் சந்தா கொடுத்தவர்களின் ரசீது செல்லுமா, வெளிநாட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது? பாக்கியைக் கட்ட ஒரு கெடு கொடுத்தோம், இரு ரசீதும் செல்லும் என்றோம், வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பதில் வேறு யாரும் போட முடியாது என்றோம். பட்டியலைப் பள்ளிவாசல் சுவரில் ஒட்டி ஆட்சேபணைக்கு நேரம் விட்டது நல்லதாயிற்று, மவுத்தானவர்களின் பெயர்கள் அதில்தான் பிடிபட்டன.

ஒன்று மட்டும் முடியவில்லை. கணவர் இல்லாத வீடுகளில் பீடி சுற்றித் தலைக்கட்டு வரி ஒழுங்காகக் கட்டும் பெண்கள் இருக்கிறார்கள், வரிப் புத்தகத்தில் அவர்கள் பெயர் இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் இல்லை. இப்போதைக்கு வேண்டாம், இன்னொரு பிரிவினை தாங்காது என்று ஒத்திவைத்தார்கள். எனக்குச் சம்மதம் இல்லை, கூட்டத்திலும் சொன்னேன், தீர்மானப் புத்தகத்தில் எழுதவும் வைத்தேன்.

வங்கிக் கணக்கு மாற்றப் பொதுக்குழுத் தீர்மான நகல், பழைய நிர்வாகிகளின் ஒப்புதல் கடிதம் இரண்டும் கேட்டார்கள், ஒப்பந்தத்தன்றே கையெழுத்து வாங்கி வைத்திருந்ததால் தப்பித்தோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள். பழைய முத்திரைகள் இரண்டையும் எல்லார் முன்னிலையிலும் உடைத்தாயிற்று. கொட்டகை ஜும்ஆ நின்றுவிட்டது. குத்தகை இனி பகிரங்க ஏலம், வரவு செலவு மாதாமாதம் பலகையில். பட்டா திருத்த மனு கொடுத்திருக்கிறோம், அந்தப் பழைய முத்தவல்லியின் மகனே ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒப்பந்தத்தின் வாசகம் தேவைப்படும் ஜமாஅத்துகள் கேளுங்கள், பெயர்களை நீக்கிவிட்டுத் தருகிறேன்.