சனிக்கிழமையும் சிங் சிங் சிறையும்

வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டு போர் மோட்டார் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. மெக்கானிக் போனிலேயே, "காயில் போயிருக்கும் சார், காலைல வந்துடறேன்" என்றார். என் கையிலிருந்து போனைப் பிடுங்கிய அப்பா, "நாளைக்கு வேணாம்ப்பா, ஞாயித்துக்கிழமை வா" என்று சொல்லி வைத்துவிட்டார். சனிக்கிழமை இரும்பு வீட்டுக்குள் வரக் கூடாதாம். மோட்டார் ஏற்கெனவே வீட்டுக்குள்தானே இருக்கிறது என்றேன். "புதுக் காயில் வெளியிலேர்ந்துதானே வரும்?" காயில் செம்பு என்று சொல்ல வாயெடுத்தேன், அம்மா கண்ணாலேயே அடக்கினார்.

ஆக, சனிக்கிழமை முழுக்கப் பக்கத்து வீட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கினேன். சாயங்காலம் தோள்பட்டை வலியோடு உட்கார்ந்து ஒரு பழைய படத்தைப் போட்டேன். '20,000 இயர்ஸ் இன் சிங் சிங்', 1932-இல் வந்தது. மைக்கேல் கர்டிஸ் இயக்கம். ஸ்பென்சர் டிரேசியும் பெட்டி டேவிஸும் ஜோடியாக நடித்த ஒரே சினிமா. காதல் படம்தான், ஆனால் முக்கால்வாசி ஜெயிலுக்குள்.

இங்கிலீஷ் படம் என்றால் அப்பாவுக்குத் தூக்கம் வரும். கணக்கு என்றால் போய்விடும். தொடக்கத்தில் கைதிகள் வரிசையாக நடக்க, ஒவ்வொருவரின் தண்டனை வருஷமும் எண்ணாகத் திரையில் வருகிறது. "நிறுத்து, நிறுத்து" என்றார். கூட்டிக்கொண்டிருந்தாராம். சிங் சிங் என்பது நியூயார்க்குக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் நிஜமான சிறை, அதன் அப்போதைய வார்டன், அதாவது சிறைத் தலைமை அதிகாரி, லூயிஸ் லாஸ் எழுதிய புத்தகம்தான் படத்துக்கு மூலம், அங்கிருந்தவர்களின் தண்டனையை எல்லாம் கூட்டி அவர் போட்ட கணக்குதான் அந்த 20,000 என்று விளக்கினேன்.

"எத்தனை பேர்?"

"2,500."

"தலைக்கு எட்டு வருஷம்" என்று அடுத்த நொடியே சொல்லிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அங்கேதான் வந்தது வினை. கதாநாயகன் டாமி கானர்ஸ் ஒரு கொள்ளைக்காரன். யாருக்கும் எதற்கும் பயப்படாதவன், சனிக்கிழமையைத் தவிர. அவனுக்கு எந்தக் கெடுதல் வந்தாலும் அன்றைக்குத்தான் வருமாம். கூட்டாளிகள் சிறையிலிருந்து தப்பிக்கத் திட்டம் போட்டு அவனைக் கூப்பிடுகிறார்கள். எல்லாம் சரி, நாள் சனிக்கிழமை. வரமாட்டேன் என்று ஒதுங்கிக்கொள்கிறான். திட்டம் சொதப்புகிறது. அப்போது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "வெள்ளைக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு."

இருபது வருஷமாக இதே விஷயத்தில் அவரோடு மல்லுக்கட்டுகிறேன். காசு கொடுத்து நான் போட்ட படம், அவர் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது.

அப்புறம் காதலி ஃபே அடிபட்டுச் சாகக் கிடப்பதாகத் தகவல் வருகிறது. வார்டன் காவலுக்கு ஆளே இல்லாமல், வாக்கை மட்டும் நம்பி டாமியை வெளியே விடுகிறார். அன்றைக்கும் சனி. "போகாதேடா" என்று டிவியிடம் கெஞ்சினார் அப்பா. போனான். அங்கே வில்லனோடு கைகலப்பு, ஃபே சுட்டுவிடுகிறாள், பழியை இவன் ஏற்கிறான். ஓடிப்போயிருக்கலாம். பத்திரிகைகள் வார்டனைக் கிழித்துத் தொங்கவிடும்போது தானாக ஜெயிலுக்கு நடந்து வருகிறான், மின்சார நாற்காலி என்று தெரிந்தே. கடைசிச் சந்திப்பில் பெட்டி டேவிஸின் கண்களைப் பார்த்தபோது எனக்குத் தோள் வலி மறந்துபோனது. 24 வயதுப் பெண், என்ன நடிப்பு!

"பார்த்தியா, சனி என்ன பண்ணுச்சுன்னு?" என்றார் அப்பா.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏங்க, அவன் கொள்ளையடிக்கப் போன அன்னிக்குக் கிழமை பார்த்தானா?"

பதில் இல்லை. பேச்சை மாற்ற, இதே கதையை 1940-இல் ஜான் கார்ஃபீல்டை வைத்து மறுபடி எடுத்தார்கள் என்றேன்.

"அதுலயாவது பொழைச்சானா?" என்றார் அம்மா.

"இல்லம்மா."

"கிழமையை மாத்தியிருக்க மாட்டாங்க" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "ஞாயித்துக்கிழமை லீவு சார். அன்னிக்கே சொல்ல வந்தேன், போனை வச்சிட்டீங்க. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வரவா?"

"திங்கக்கிழமை ஏழரை ஒன்பது ராகு காலம்டா, ஒன்பதுக்கு மேல வரச் சொல்லு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. காலிக் குடத்தை எடுத்துவந்து, இந்த முறை அப்பாவின் கையில் கொடுத்தார்.