கையூன்றாமல் எழ முடிகிறதா?

வயதான காலத்தில் உடம்புக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "தினமும் நடக்கிறேன்." நல்லதுதான், இதயத்துக்கும் தூக்கத்துக்கும் நடை உதவும். ஆனால் சமதரையில் மெல்ல நடப்பது மட்டும் தொடையின் பலத்தைக் காக்கப் போதாது. முப்பது வயதுக்குமேல் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. அறுபதைத் தாண்டினால் வேகம் இன்னும் கூடும். படியேற, கழிப்பறையில் எழ, தடுக்கினால் சமாளிக்க எல்லாவற்றுக்கும் அந்தத் தசைதான் வேண்டும்.

உங்கள் நிலைமையை நீங்களே பார்த்துவிடலாம். சக்கரம் இல்லாத, சுமார் 43 செ.மீ. உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுக்குள் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11 என்ற எண்ணிக்கைக்குக் கீழே போனால் கால்பலம் சராசரிக்கும் குறைவு, விழும் அபாயம் அதிகம்.

சோதனையே பயிற்சியும் ஆகும். நாற்காலியின் முன்பாதிக்கு வந்து, குதிகால்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னே சாய்ந்து, மூச்சை விட்டபடி எழுங்கள். மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக உட்காருங்கள். எட்டு முதல் பத்து முறை, சிறிது ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். பலர் கோட்டைவிடுவது இறங்கும்போதுதான்: தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போச்சு. மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். முழங்கால்கள் உள்பக்கம் மடங்கினால் மூட்டு வலிக்கும். ஏற்கெனவே வலி இருந்தால் கெட்டியான மெத்தை போட்டு இருக்கையை உயர்த்திக்கொள்ளுங்கள். பன்னிரண்டு முறை சுலபமாகிவிட்டால் கையில் ஒரு கிலோ எடையைப் பிடித்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்கேற்ற புரதமும் வேண்டும்: உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை. 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 60–72 கிராம், மூன்று வேளைக்கும் பிரித்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

படுக்கையிலிருந்து எழும்போது கிறுகிறுப்பு வந்தால் 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள். படுத்தபடி ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மாத்திரைச் சீட்டோடு மருத்துவரிடம் போக வேண்டும். அழுத்த மாத்திரையோ தூக்க மாத்திரையோ காரணமாக இருக்கலாம். தாகம் மங்கும் வயது என்பதால் தண்ணீர் குடிக்காததும் காரணமாகலாம்.

மனசு விஷயத்துக்கு வருவோம். "உற்சாகமா இருங்க" என்ற அறிவுரையால் யாரும் உற்சாகமானதில்லை. ஆனாலும் முதுமையைப் பற்றிய எண்ணம் சாதாரண விஷயமில்லை. தன் முதுமையை நல்லபடியாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்ததாக அமெரிக்க யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் பெக்கா லெவி குழுவினரின் 2002 ஆய்வு சொல்கிறது. எண்ணம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். நடைமுறையில் மனதை ஒடுக்குவது பெரும்பாலும் விழுந்துவிடுவோமோ என்ற பயம். பயத்தால் வெளியே போவது குறையும், போகாததால் கால் இன்னும் தளரும், பேச்சுத்துணையும் போகும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் அது முதுமையின் இயல்பு அல்ல, சிகிச்சை உள்ள மனச்சோர்வாக இருக்கலாம்.

அந்தப் பயத்தைக் குறைக்க ஒரு வழி, தரையிலிருந்து எழப் பழகுவது. மூட்டு மாற்று அறுவை செய்தவர்களும் எலும்பு மெலிந்தவர்களும் இயன்முறை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். ஒருக்களித்துப் புரண்டு, முழங்கையை ஊன்றி, கை கால் நான்கிலும் தவழ்ந்து உறுதியான நாற்காலிக்கு வாருங்கள். இரு கைகளையும் இருக்கையில் வைத்து, பலமான காலை முன்னே ஊன்றி உந்தி எழுந்து, திரும்பி உட்காருங்கள். உண்மையிலேயே விழுந்த நாளில் மட்டும் உடனே எழாதீர்கள். இடுப்பிலோ தலையிலோ வலி இருக்கிறதா என்று ஒரு நிமிடம் படுத்தபடியே பாருங்கள். இருந்தால் அசையாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.